அவசரம் என்று எழுத மாட்டேன்

நவம்பர் 18

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மடத்துத் தலைவி மதர் கூப்பிட்டுக் கையில் கொடுத்தபோதே உறை மெல்லியதாக இருந்தது. நீ எழுதினால் உறை பிதுங்குமே, இவ்வளவு சுருக்கமாக இவள் என்ன எழுதியிருப்பாள் என்று நின்ற இடத்திலேயே பிரித்தேன். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் இதயம் சரியாக அமையவில்லை என்று ஸ்கேனில் தெரிந்ததாக நாலே வரியில் முடித்திருக்கிறாய்.

படித்துவிட்டு நேரே அப்பம் சுடும் அறைக்குப் போனேன். கிறிஸ்துமஸ் பூசைக்கு வேண்டிய நற்கருணை அப்பத்துக்குக் கோயில்கள் எல்லாம் இப்போதே சொல்லி வைத்திருக்கின்றன. மாவைத் தட்டில் ஊற்றி மூடியவள் எடுக்க மறந்து நின்றுவிட்டேன். தட்டு முழுக்கக் கருகிப்போனது. கூட வேலை செய்யும் சகோதரி ஓடி வந்து சன்னலைத் திறந்துவிட்டாள்.

உனக்கு என்ன எழுதுவது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். எல்லாம் இறைவனின் சித்தம், அவர் கொடுத்ததை அவரே காப்பார். இதைத் தவிர வேறு ஒன்றும் எனக்கு வரவில்லை.

இந்த மாதக் கடைசி ஞாயிறு திருவருகைக் காலம் ஆரம்பம். உனக்குத் தெரிந்ததுதான், நாங்கள் வாசல் தாண்டுவதே இல்லை, அந்த நாலு வாரமும் எங்கள் மடத்துக்குள் கடிதமும் வராது, இங்கிருந்தும் போகாது. வருவதெல்லாம் மதரின் மேசை இழுப்பறையில் கட்டாகக் கிடக்கும். கிறிஸ்துமஸ் பூசை முடிந்த பிறகுதான் எங்கள் கைக்கு வரும். குடில் கட்டுவோம், வைக்கோல் பரப்புவோம், மாட்டையும் கழுதையையும் நிறுத்துவோம். பாலனைப் படுக்க வைக்கும் இடத்தை மட்டும் காலியாக விடுவோம். அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு வாய் பேசாமல் இருப்பதுதான் அந்த நாட்களில் எங்கள் ஜெபம்.

ஒரு விலக்கு உண்டு. சாவோ கடும் நோயோ என்றால் உறைமேல் ‘அவசரம்’ என்று எழுதிப் போடலாம். மதர் அன்றைக்கே கொடுத்துவிடுவார். தேவைப்பட்டால் தயங்காதே.

அப்பாவை இந்த வருஷமாவது கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ. நான் இங்கே வந்த நாளிலிருந்து அவர் கோயில் படி ஏறவில்லை என்பது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நீ சொன்னால் கேட்பார்.

உன் அக்கா


நவம்பர் 28

அக்காவுக்கு,

இந்தக் கடிதம் எப்போதோ எழுதி முடித்தாயிற்று. வேண்டுமென்றேதான் இன்று போடுகிறேன். இது வந்து சேரும்போது உங்கள் இழுப்பறை பூட்டியிருக்கும். நீ படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா?

இறைவனின் சித்தம் என்று எழுதியிருந்தாய். இன்னொரு முறை அந்த வரியை எழுதினால் உன் கடிதத்தை வாசலிலேயே வைத்துக் கிழித்துப் போடுவேன். என் மாமியாரும் அதைத்தான் சொன்னார்கள், அடுத்த வாக்கியத்தையும் சேர்த்து. “சாமிகிட்ட விட்டுடும்மா. இன்னொண்ணு பெத்துக்கலாம்.” ஏதோ கடையில் உடைந்த தட்டை மாற்றிக்கொள்வது மாதிரி. டாக்டரம்மா அப்படிப் பேசவில்லை. ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்திலிருந்து போகிற இரண்டு பெரிய குழாயும் இடம் மாறிப் பொருந்தியிருக்கிறதாம். வயிற்றுக்குள் இருக்கும்வரை ஆபத்தில்லை, வெளியே வந்த உடனே ஆபரேஷன், பிள்ளை சின்னதாக இருக்கிறது, தாங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். எனக்குப் பிடித்திருந்தது. தெரியாது என்பதைத் தெரியாது என்று சொல்கிற ஒரு ஆளையாவது பார்த்தேன்.

என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, அன்று முழுவதும் அந்தத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ரிப்பேர் பண்ணுகிற மனுஷன், இதைப் பழுது பார்க்கத் தனக்குத் தெரியவில்லையே என்று உட்கார்ந்திருந்தார். அப்பாதான் பேசினார். எல்லாரும் போன பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், “நான் பஸ் ஓட்டின காலத்துல ஏறின ஆளை நடுரோட்டுல இறக்கிவிட்டதில்ல.” அவ்வளவுதான். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

பெறப்போகிறேன். அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்புறம் இன்னொன்று. உறைமேல் அவசரம் என்று எழுத மாட்டேன். என்ன நடந்தாலும் எழுத மாட்டேன். கூடப் பிறந்தவளோடு பேச எனக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை.

வாயாடி


டிசம்பர் 6

அக்காவுக்கு,

இதையும் நீ படிக்கவில்லை. நல்லது.

படத்துக்குச் சட்டம் போடும் எங்கள் கடையில் இனி என்னைக் கண்ணாடி தூக்க விடமாட்டார்களாம். உட்கார்ந்தபடியே வெட்டு என்று முதலாளி ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார். வயிறு மேசையில் இடிக்கிறது, கை எட்டவில்லை. நேற்று ஒருவர் குடில் படத்துக்குச் சட்டம் போட வந்தார். பளபளப்பான படம். மாதா முகத்தில் பிள்ளை பெற்ற களைப்பே இல்லை, இப்போதுதான் முகம் கழுவிப் பவுடர் போட்டு வந்த மாதிரி இருந்தாள். அளவெடுத்து வெட்டிக் கொடுத்தேன். அவர் போனதும் அழுதேன். சோகத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

நீங்கள் எல்லாரும் காத்திருக்கிறீர்களாம். எதற்காக? உங்கள் பாலன் வருஷா வருஷம் சொன்ன தேதியில் டாண் என்று வந்துவிடுகிறாரே. அட்டைப் பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறீர்கள். எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. அது காத்திருப்பா? ரயில் வந்து நின்ற பிறகு பிளாட்பாரத்தில் நிற்கிற மாதிரி. நான் காத்திருப்பதுதான் காத்திருப்பு. என் பிள்ளை வருமா, வந்தால் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. தொட்டில் வாங்கலாமா வேண்டாமா என்று தெரியாது. இவர் வாங்கலாம் என்கிறார். மாமியார் வேண்டாம் என்கிறார்கள். நான் இரண்டு பேரையும் திட்டுகிறேன்.

சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா போன மறு வருஷமே நீயும் போனாய். சாமி கூப்பிட்டார் என்றாய். என்னை யார் கூப்பிட்டார்கள்? அப்பாவின் சட்டை கூப்பிட்டது, அடுப்பு கூப்பிட்டது. நீ துறவற வார்த்தைப்பாடு கொடுத்த அன்று அப்பா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். அவருக்குச் சோறு ஊட்டாத குறையாகக் கிடந்தவள் நான். உனக்குப் பூமாலை, எனக்குப் பாத்திரம். நீ நல்லவளாக இருப்பதற்கு ஆன செலவை எல்லாம் நான்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதிவிட்டேன். நெஞ்சு கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

வாயாடி


டிசம்பர் 14

அக்கா,

இன்று திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறு. பங்குச் சாமியார் அந்த ரோஜா நிற உடுப்பில் வந்தார். மகிழ்ச்சி ஞாயிறாம். பூசை முடிந்ததும் பிள்ளை சுமக்கிற பெண்களுக்கு ஆசீர்வாதம் என்று போன வாரமே அறிவித்திருந்தார்கள்.

பூசைக்கு முன்னால் மாதா சபைத் தலைவி என்னைத் தூணோரம் இழுத்தார். கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே பேசினார். “நீ முன்னால வர வேண்டாம்மா. உனக்குத் தனியா பண்ணச் சொல்றேன். மத்தப் பொண்ணுங்க பயந்துக்குவாங்க.” நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு ஆறியிருப்பேன்.

போனேன். முதல் ஆளாகப் போனேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நட்ட நடுவில், பீடத்துக்கு எதிரே நின்றேன். பக்கத்தில் வந்து நின்ற சின்னப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒருத்தியும் பயப்படவில்லை. சாமியார் என்னிடம் வந்ததும் கொஞ்சம் தயங்கினார், அவருக்கும் விஷயம் தெரியும். “என் பிள்ளைக்கும் அதே ஜெபம்தான் ஃபாதர். குறைக்காதீங்க” என்றேன். குறைக்கவில்லை.

அப்போது குடில் கண்ணில் பட்டது. கீழே வைக்கோல், நடுவில் காலி இடம். சின்ன வயசில் நீயும் நானும் அங்கே கைவிட்டுப் பார்த்து உதை வாங்குவோம். இன்றைக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. வீட்டில் இருக்கிற தொட்டில் மாதிரியே இருந்தது. ஆமாம், இவர் வாங்கிவிட்டார்.

அப்பா வழக்கம்போல் கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். சண்டை போட்டேன் என்றேன். ஜெயிச்சியா என்றார். தெரியவில்லை என்றேன்.

வாயாடி


டிசம்பர் 18

அக்கா,

பிறந்துவிட்டான். நேற்று மத்தியானம். நாள் கணக்குக்கு முன்னாலேயே வந்துவிட்டான். அழுதான், பிறகு நீலம் பாய்ந்துவிட்டது. நகம், உதடு எல்லாம். தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள், நான் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

நர்ஸ் வந்து, உங்க வழக்கப்படி ஏதாவது செய்யணும்னா இப்போவே செஞ்சிடுங்க என்றாள். சாமியாருக்குப் போன் போட்டோம். அவர் வேறொரு கிராமத்துக் கோயிலில் பாவமன்னிப்புக்கு வந்தவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார், வந்து சேர நேரமாகும் என்றார்கள். இவர் சாமியாரை எதிர்பார்த்து வாசலுக்கு ஓடிவிட்டார், என்னால் எழுந்திருக்க முடியாது. ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நமக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்தார்களே, அது அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது.

அப்பா உள்ளே போனார் அக்கா. பச்சைக் கவுன், முகமூடி, தலைக்குப் பை எல்லாம் மாட்டிவிட்டார்கள். நர்ஸ் ஒரு சின்ன ஊசிக்குழலில் சுத்தத் தண்ணீர் கொடுத்தாளாம். சொட்டுச் சொட்டாக ஊற்றி, பேரும் வைத்து, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே என்று சொல்லி முடித்திருக்கிறார். ஒரு சொட்டுகூட ஒயரில் படவில்லை என்று நர்ஸ் சொன்னாள். வெளியே வந்தவரிடம் இவர், மாமா நீங்களா என்றாராம். அதற்கு அப்பா, “கோயிலுக்குப் போக மாட்டேன்னுதான் சொன்னேன். தண்ணி ஊத்த மாட்டேன்னு சொல்லல” என்றாராம்.

பேரை எல்லாம் தாளில் எழுதச் சொன்னார்கள், எழுதினோம். ஆனால் அப்பா இப்போதே ‘கண்டக்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

உறைமேல் இவர் அவசரம் என்று எழுதினார். நான் பேனாவைப் பிடுங்கி அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.


டிசம்பர் 23

அக்கா,

நாளைக்கு ஆபரேஷன்.

இதுவரை எழுதினதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடு. ஒன்றையும் படிக்காதே. இதை மட்டும் படி. நாளைக்கு என்ன ஆகுமென்று தெரியாமல் அந்த வார்த்தைகள் உன்னிடம் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்ட வாய் என்று அம்மா அடிப்பாளே, அதே வாய்தான்.

கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். கண் திறந்திருந்தது. நம் அப்பாவின் கண்.


டிசம்பர் 25

என் வாயாடிக்கு,

கிழிக்க மாட்டேன்.

முதலில் கேள். இன்றோடு எங்கள் மௌனம் முடிந்தது. இந்தக் கடிதம் கிடைத்த உடனே, எங்கள் போனை எடுக்கும் வாசல் சகோதரிக்குப் போன் போடு. ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று சொல். எந்த வேளையானாலும் என்னை எழுப்பச் சொல்லியிருக்கிறேன். நானாகக் கூப்பிட்டால் உங்கள் வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள். நீ கொடுத்த நம்பர் வேறு ஒன்றும் என்னிடம் இல்லை.

போன வாரம் மதர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் உன் உறை. மாப்பிள்ளை எழுத்தில் ‘அவசரம்’, அதன்மேல் தாளே கிழிகிற மாதிரி இரண்டு கோடு. “ஒருத்தர் அவசரம்ங்கிறாங்க, இன்னொருத்தர் இல்லங்கிறாங்க. உன் குடும்பம். நீயே சொல்லு” என்றார். அந்தக் கோட்டை யார் போட்டது என்று எனக்குத் தெரியாதா? இழுப்பறையிலேயே வையுங்கள் என்றேன். விதிக்காக இல்லை. நீ வேண்டாம் என்றாய், அதற்காகவும் முழுக்க இல்லை. பிரிக்காதவரை பிள்ளை இருக்கிறான் என்று நினைத்தேன். பயந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் ஜெபித்தது ஜெபமா என்று எனக்கே தெரியாது. குடில்முன் முழங்காலில் இருந்தேன், அந்தக் காலி இடத்தைப் பார்த்தேன், இதில் யாராவது வருவார்களா என்று முதல்முறையாகச் சந்தேகமாகப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி வந்ததில்லை. அப்பம் வெட்டும்போது கை ஓடவில்லை. நெஞ்சுக்குள் ஒரே வார்த்தை, வா, வந்துவிடு, வா. யாரைக் கூப்பிட்டேன்? பாலனையா, உன் பிள்ளையையா? பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்று காலை பூசை முடிந்தது. எல்லாரும் தங்கள் கட்டைப் பிரித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அப்பம் சுடும் அறைக்குள் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, தேதி பார்த்து வரிசையாகப் படித்தேன். படிக்காதே என்று நீ எழுதியதைக் கடைசியாகத்தான் படித்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ இப்படித்தான் எப்போதும், அறைந்துவிட்டு அப்புறம் கன்னத்தை மறைத்துக்கொள் என்பாய்.

நாங்கள் அட்டைப் பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பதாக எழுதினாய். உண்மை. வருவார் என்று தெரிந்துகொண்டே நாலு வாரம் வாரும் வாரும் என்று பாடுகிறோம். உண்மையில் வருவாரா என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக் கத்தியவர்களின் பாட்டு அது. நீதான் இந்த வருஷம் அதை அப்படிப் பாடியிருக்கிறாய், திட்டித் திட்டி. அதைப் போய்க் கிழிக்கச் சொல்கிறாய். மதரே சொன்னாலும் கிழிக்க மாட்டேன்.

சித்தம் என்று எழுதினேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பயத்தில் கைக்கு வந்ததை எழுதினேன்.

ஒன்றை மட்டும் மறுக்கிறேன். நான் நல்லவளாக இருப்பதற்காக இங்கே வரவில்லை, உங்களை விட்டு ஓடியும் வரவில்லை. அன்றைக்கு அப்பா குறுக்கே நின்றும் வந்தேன், இன்றைக்கு மறுபடி கேட்டாலும் வருவேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் அப்பாவின் சட்டையையும் அடுப்பையும் உன் ஒருத்தி தலையில் விட்டுவிட்டு, உனக்கு ஒரு வார்த்தை நன்றிகூட எழுதவில்லை. அதற்குக் கேட்கிறேன்.

எங்கள் குடிலைப் பிப்ரவரி இரண்டு வரை பிரிக்க மாட்டோம். மாதா தன் பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்த நாள் அது, எங்களுக்கு அதோடுதான் கிறிஸ்துமஸ் முடியும். அன்று நீயும் உன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. தூக்கிக்கொண்டு வருவாய் என்று எழுதுகிறேன். எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

அப்பாவிடம் சொல், அவர் ஊற்றிய தண்ணீர் செல்லும். எந்த ஆயரும் அதை மாற்ற முடியாது.

அக்கா


ஜனவரி 19

அக்காவுக்கு,

உங்கள் வாசல் சகோதரிக்குக் காது சுத்தமாகக் கேட்காது என்று நீ சொல்லவே இல்லையே. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, நல்லபடியா, நல்லபடியா என்று நான் போனில் கத்திய கத்தலில் ஆஸ்பத்திரி வராண்டாவே திரும்பிப் பார்த்தது. கடைசியில் என்ன புரிந்ததோ, “சரிம்மா, பண்டிகை நல்வாழ்த்துகள்” என்று வைத்துவிட்டார். உனக்கு ஒழுங்காகச் சொன்னாரா என்று நான் தவித்த தவிப்பு இருக்கிறதே. நீ மறுபடி கூப்பிட்டுக் குரல் கேட்ட பிறகுதான் நான் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்துவிட்டான். நெஞ்சில் மேலிருந்து கீழே ஒரு கோடு. வருஷா வருஷம் காட்ட வேண்டும், வளர வளரப் பார்க்கலாம் என்கிறார்கள். பால் குடிக்க ஆரம்பித்தால் வேர்க்கிறது, பாதியில் தூங்கிவிடுகிறான். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று நான், இவர், அப்பா மூன்று பேரும் மாறி மாறிக் குனிந்து பார்க்கிறோம். மாமியார் திருஷ்டி பட்டுவிடும் என்று விரட்டுகிறார்கள். இப்போது அவர்கள் மடியை விட்டு இறக்க விடுவதில்லை, அது வேறு கதை. நான் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகம் மட்டும் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று நான் ஐ.சி.யூ.வுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். பூசை முடிந்த கையோடு சாமியார் வந்தார், உடுப்பில் தூப வாசனை. எனக்கு நற்கருணை கொண்டுவந்திருந்தார். கோபமா இருக்கேன் ஃபாதர், இப்போ வாங்கலாமான்னு தெரியல என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “கோபத்தோடயே வாங்கிக்கோம்மா” என்றார். வாங்கிக்கொண்டேன். நாக்கில் வைத்ததும் உன் ஞாபகம் வந்தது, நீ சுட்டதா வேறு யாரோ சுட்டதா தெரியாது.

அந்தப் பெஞ்சில் ஒன்று தோன்றியது, சிரிக்காதே. சாமி குழந்தையாக வந்தார் என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்கிறோம், பாடுகிறோம். குழந்தை என்றால் என்னவென்று நான் யோசித்ததே இல்லை. கண்ணாடிக்குள் கிடந்த இவனைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஒரு மூச்சுக்குக்கூட அடுத்தவர் கையை நம்ப வேண்டும். யாராவது தூக்கினால்தான் உண்டு. மேலே சுகமாக இருந்தவர், அப்படி ஒரு நிலைமைக்குத் தானாக இறங்கி வந்தாரா? அவ்வளவு துணிச்சல் அவருக்கு இருந்திருந்தால், சரி, அவரோடு மறுபடி பேச்சு வைத்துக்கொள்கிறேன். எல்லாக் கேள்வியையும் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளை திரும்பி வரவில்லை அக்கா. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன். அதை அவரிடம் கேட்பேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

பிப்ரவரி இரண்டு வருகிறோம். எல்லாரும் கையை நன்றாகக் கழுவியிருக்க வேண்டும், சளி பிடித்தவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது, மதராக இருந்தாலும் சரி. அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறார். “கேட் வரைக்கும்தான். உள்ள வர மாட்டேன், அவளுக்கும் சொல்லிடு” என்றார். சொல்லிவிட்டேன்.

வாயாடி


பிப்ரவரி 3

என் தங்கச்சிக்கு,

நேற்று உன் பக்கத்தில் நடந்ததை நீ பார்த்தாய். சுவருக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

பார்வையாளர் அறைக் கம்பிக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். உன் குரலும் மாப்பிள்ளை குரலும் வராண்டாவில் கேட்டது, நீங்கள் வந்து சேரவில்லை. அதற்குள் நுழைவாசல் மணி அடித்தது. அங்கே சுவரில் உருளையான ஒரு மரப்பெட்டி இருக்கிறதே, வெளியிலிருந்து மாவு, பால், மருந்து எது வந்தாலும் அதில் வைத்துச் சுழற்றுவார்கள், இந்தப் பக்கம் நாங்கள் எடுத்துக்கொள்வோம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வாசல் சகோதரி யாரென்று கேட்டார். “பஸ் டிரைவர். பார்சல் இருக்கு.” அவருக்கு அது கேட்கவில்லை. எனக்கு அடுத்த அறையில் கேட்டது. ஓடி வந்தேன். இங்கே நாங்கள் ஓடக் கூடாது.

அப்பாவின் குரல் மாறவே இல்லை. நான் வந்துவிட்டேன் என்று காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்திருப்பார். நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார். “நீ வெளிய வரக் கூடாது. நான் உள்ள வர மாட்டேன். நம்ம ரெண்டு பேரும் இறங்கி வர்ற ரகம் இல்ல. இவன் வருவான், பிடிச்சுக்கோ.” அப்போதுதான் நீ “அப்பா, என்ன பண்றீங்க” என்று கத்தினாய். அதற்குள் பெட்டி மெதுவாகச் சுழல ஆரம்பித்துவிட்டது. முட்டை ஏற்றின வண்டியைத் திருப்புகிற மாதிரி அவ்வளவு நிதானமாகத் திருப்பினார். மாவு வருகிற இடத்தில், வெள்ளைத் துணிக்குள், உன் மகன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தான். அழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தான், டிக்கெட் எடுத்தாயா என்று கேட்கிற மாதிரி.

நீ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கை கழுவினியா, கழுவினியா என்று கத்தினாய். கழுவியிருந்தேன். காலையிலிருந்து கழுவிக்கொண்டே இருந்தேன், தோல் உரிந்து போயிருக்கிறது.

தூக்கினேன். உன் கடிதங்களில் இருந்த அத்தனை கனமும் இவ்வளவுதானா என்று இருந்தது. சட்டை விலகி அந்தக் கோட்டின் மேல்முனை தெரிந்தது. அதற்குள் மதர் வந்துவிட்டார். அனுமதி இல்லாமல் ஆண்பிள்ளை யாரும் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்பது விதி என்று கண்டிப்பாகத்தான் ஆரம்பித்தார். பிறகு குனிந்து பார்த்தார். “திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி குடில் பக்கம் ஒரு தடவை கொண்டு போய்க் காட்டிட்டு வா” என்றார். கொண்டு போனேன். சகோதரிகள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு, உன் கட்டளைப்படி தள்ளி நின்று பார்த்தார்கள். மூத்தவர் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார், ஏனென்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வரவில்லை. சண்டையில் ஜெயித்தவள் மாதிரி நிமிர்ந்து நடந்தேன். அதற்காகவும் விதியை மீறியதற்காகவும் எனக்குத் தவம் கொடுத்திருக்கிறார்கள். செய்கிறேன். திரும்பவும் பெட்டி சுழன்றால் திரும்பவும் தூக்குவேன் என்று மதரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன்.

பிறகு நீயும் நானும் கம்பி வழியாகப் பேசினோம், அழுதோம், கொஞ்சம் சண்டையும் போட்டோம். அது உனக்குத் தெரியும். பால் கொடுக்க அவனை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு நீ போனாய், மாப்பிள்ளையும் பின்னாலேயே போனார். அப்பா உங்களோடு வரவில்லை, வராண்டாவில் பீடி பிடிக்கப் போனார் என்று நீ நினைத்திருப்பாய். அதற்குப் பிறகு நடந்ததை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

பெட்டி மறுபடி அசைந்தது. காலிப் பெட்டி. பாதி திரும்பி, இடுக்கோடு நின்றுவிட்டது. அந்த இடுக்கில் அப்பாவின் கை வந்தது. மணிக்கட்டு வரைதான் நுழைந்தது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை, அதே பழைய கடிகாரம், தோல் மட்டும் சுருங்கியிருந்தது. உள்ளங்கையை மேலே பார்த்து வைத்துக்கொண்டு நின்றார். பிடித்துக்கொண்டேன்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. ஜெப மணி அடித்தால் அது ஆண்டவரின் குரல், எழுதுகிற எழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக வேண்டும். வந்த நாளிலிருந்து நான் ஒரு முறைகூடத் தாமதித்ததில்லை.

மணி அடித்தது. எனக்கு நன்றாகவே கேட்டது. நான் கையை விடவில்லை.

உன் அக்கா